நனையாத பள்ளிக்கூடம்

மனித குலம் கூரையை இரண்டு முறை கண்டுபிடித்திருக்கிறது. முதல் முறை கண்டுபிடித்தவர்கள் குகைவாசிகள். மழையில் நனையக் கூடாது என்ற அற்ப ஆசையைத் தவிர அவர்களிடம் வேறு லட்சியம் எதுவும் இல்லை. இரண்டாம் முறை கண்டுபிடித்தது மாவட்டக் கல்வி வாரியத்தின் புதிய கட்டிடக் குழு. கூரை என்பது யாருக்காக, எதற்காக என்பதை உலகுக்குத் தெளிவுபடுத்திய பெருமை அவர்களையே சேரும். இது அந்தப் பெருமையின் வரலாறு. படிப்பவர்கள் மரியாதைக்காக எழுந்து நிற்க வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களுக்கும் சேர்த்தே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

வாரியத்தின் மாதச் செய்தி இதழை எழுதுபவருக்கு அலுவலகத்தில் 'அடைமொழி' என்று பெயர். காரணம் இருந்தது. எந்தப் பெயர்ச்சொல்லையும் அவர் துணையில்லாமல் தெருவில் விட்டதில்லை. சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய் அவர் இதழில் 'இடையறாத குடிநீர் வசதி'. கால் உடைந்த பெஞ்சு 'முதுகுக்கு இதமான சாய்வு இருக்கை'. ஆசிரியர் இல்லாத வகுப்பு 'தன்னம்பிக்கை வளர்க்கும் சூழல்'. வாரியத் தலைவர் அந்த இதழைக் காலையில் படித்துவிட்டுத்தான் தன் மாவட்டம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

ஆறாம் எண் பள்ளிக்குப் புதுக் கட்டிடம் கட்ட நிதி வந்திருக்கிறது என்ற செய்தி வந்த அன்று, அடைமொழி அடைமொழியே இல்லாமல் சந்தோஷப்பட்டார். அவருடைய மகள் அங்கேதான் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் அவளை 'வாண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பள்ளியில் எல்லா அறையும் ஒழுகும், ஒன்றைத் தவிர. போன கோடை விடுமுறையில் மூன்றாம் வகுப்புப் பெற்றோர்கள் தாங்களே ஏறி, அந்த ஒரு அறைக்கு மட்டும் ஓடு மாற்றியிருந்தார்கள். அடைமொழி ஏணியைப் பிடித்துக்கொண்டார். 'உயர்மட்ட மேற்பார்வை' என்று இதழில் எழுதியதும் அவரே.

நிதி வந்ததும் கட்டிடக் குழு கூடியது. செங்கல் வைக்கும் முன் மாதிரி வைக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. மாதிரி வந்தது. நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்து மேசைமேல் வைத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று மாடிப் பள்ளிக்கூடம். தெர்மோகோல் சுவர், பஞ்சு மரங்கள், பச்சைத் துணியில் விளையாட்டு மைதானம். வகுப்பறைகளில் விரல் நுனி அளவு பெஞ்சுகள். ஒவ்வொன்றிலும் நீல உடுப்புப் போட்ட பொம்மைப் பிள்ளைகள். ஒரு சுவிட்சைத் தட்டினால் எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் வரும்.

தலைவர் சுவிட்சைத் தட்டினார். அணைத்தார். மறுபடி தட்டினார்.

"இதைவிட ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னய்யா வேணும்?" என்றார், தழுதழுத்த குரலில்.

"இதை எங்க வைக்கிறது ஐயா?" என்றார் கட்டிடப் பொறியாளர். "விதிப்படி அந்தப் பள்ளிக்கூடத்துலயேதான் வைக்கணும். பெத்தவங்க பாத்து நம்பிக்கை அடையணும்."

"ஒழுகாத ரூமா பாத்து வைங்க."

"ஒழுகாத ரூம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மூணாம் வகுப்பு."

கடைசி நாற்காலியில் இருந்த தலைமையாசிரியை எழுந்தார். "சார், அதுல பிள்ளைங்க இருக்காங்க."

பொறியாளர் பரிவோடு அவர் பக்கம் திரும்பினார். "டீச்சர், கொஞ்சம் யோசிங்க. மாதிரி தெர்மோகோல். நனைஞ்சா ஊறிடும். பிள்ளைங்க தெர்மோகோலா? நனைஞ்சா காஞ்சிடுவாங்க."

குழு பேனாவைக் கீழே வைத்துவிட்டது. விஞ்ஞானம் நேருக்கு நேர் வந்து நிற்கும்போது அப்படித்தான் ஆகும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைமையாசிரியை கையைத் தூக்கவில்லை. அவருக்குக் கை வலி என்று குறிப்பில் பதிவானது.

"அடைமொழி, எழுதிக்கிட்டீங்களா?" என்றார் தலைவர்.

எழுதிக்கொண்டார். அந்த மாத இதழின் முதல் பக்கத்தில் வந்தது: 'இயற்கையோடு இணைந்த திறந்தவெளிக் கற்றல். முன்னோடியாக மூன்றாம் வகுப்பு தேர்வு.'

அந்த இதழ் வந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மாலையில் அடைமொழி வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி ஒரு துண்டோடு வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏங்க, இங்க வாங்க. உங்க முன்னோடி வந்திருக்கா."

வாண்டு தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டு நின்றாள். பையைக் கவிழ்த்தாள். புத்தகத்துக்கு முன்னால் தண்ணீர் வந்தது.

"வராண்டால சாரல் அடிக்குதுப்பா. பெஞ்சு நனையுதுன்னு பெஞ்செல்லாம் உள்ள எடுத்து வச்சிட்டாங்க."

"உங்களை?"

"நாங்க பெஞ்சு இல்லையேப்பா."

"வாரியம் இதைப் பரிசீலிச்சிட்டு இருக்கு," என்றார் அடைமொழி.

"எதை? மழையையா?" மனைவி மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "ஓடு மாத்துறப்ப ஏணியப் பிடிச்ச கை உங்க கை. அந்த ரூமைப் பிடுங்கினத ஆகா ஓகோன்னு எழுதின கையும் உங்க கைதான். ராத்திரி சாப்பிடறப்ப எந்தக் கையில பிசையப் போறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

அடைமொழி அன்று கரண்டியால் சாப்பிட்டார்.

மறுநாள் தலைமையாசிரியை வாரிய அலுவலகத்துக்கு வந்தார். அவர் கேட்டது ஒரே ஒரு தார்ப்பாய், வராண்டாவில் கட்ட. தலைவர் அவரை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, அன்பாகவே மறுத்தார்.

"பழைய கட்டிடத்துக்கு ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது டீச்சர். அதான் புதுசு வருதே."

"எப்ப சார் வரும்?"

"மாதிரி வந்திடுச்சே. இன்னும் நம்பிக்கை வரலையா உங்களுக்கு?"

அந்தச் சமயத்தில்தான் பொறியாளர் ஓடி வந்தார். முகத்தில் ரத்தமில்லை.

"ஐயா, ஆறாம் எண் பள்ளியில சுவர் விரிசல் விட்டிருச்சு."

தலைமையாசிரியை பதறி எழுந்தார். "எந்தச் சுவர்? பிள்ளைங்க பக்கத்துல இருக்காங்களா?"

"மாதிரியில, டீச்சர். ரெண்டாவது மாடி. காத்துல இருக்கிற ஈரம்."

இந்த மாவட்டத்து அதிகாரிகள் மெத்தனமானவர்கள் என்று சொல்பவர்கள் அன்றைக்கு அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். காபி ஆறுவதற்குள் மூன்று ஜீப்புகள் கிளம்பின. குழுவினர் கால் நனையாமல் நடக்க வழி வேண்டும் என்பதால், வராண்டாவில் இருந்த மூன்றாம் வகுப்பு முற்றத்தில் இறங்கி நின்றது. தலைவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உப்பியிருந்த சுவரை விரலால் தடவினார். கீழே பொம்மைகளைப் பார்த்தார்.

"பிள்ளைங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ தும்மினார்கள்.

அங்கேயே அவசரக் கூட்டம் நடந்தது. இந்த மாதிரியை இப்படி ஒரு பழைய கட்டிடத்தில் வைத்திருப்பது மனிதத் தன்மையற்றது என்று குழு கருதியது. ஆகவே 'மாதிரிப் பாதுகாப்புக் கூடம்' ஒன்றைப் பள்ளி மைதானத்தில் உடனே கட்டத் தீர்மானம்.

"நிதிக்கு எங்க போறது?" என்றார் தலைவர்.

"வந்த நிதி அப்படியே இருக்கே ஐயா," என்றார் பொறியாளர். "பள்ளி வளாகத்தில் புதிய கட்டிடம்னுதான் அதுல போட்டிருக்கு. இது பள்ளி வளாகம். கூடம் ஒரு கட்டிடம். கட்டினா புதுசாத்தான் இருக்கும்."

பொறியாளருக்கு எல்லோரும் கை கொடுத்தார்கள்.

அடைமொழிக்கு இதில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. கூடம் வந்தால் மாதிரி அங்கே போய்விடும். மாதிரி போனால் அறை காலி. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளிடம் சொன்னார்.

"வாண்டு, கூடத்தைத் திறக்கிற அன்னிக்கு உங்க ரூம் உங்களுக்கு. அப்பா வாக்கு."

"எழுதற வாக்கா, நிஜ வாக்கா?" என்றாள் வாண்டு.

கூடம் எழுந்த வேகத்தை வர்ணிக்க அடைமொழிக்கே மூச்சு வாங்கியது. இரட்டைக் கூரை. வழுக்காத தரை. நான்கு மூலையிலும் மின்விசிறி. வாசலில் கால் துடைக்கக் கம்பளம். மூன்றாம் வகுப்பு வராண்டாவில் நின்றபடியே அது வளர்வதைப் பார்த்தது. 'கட்டுமானக் கலையில் நேரடிப் பயிற்சி' என்று வந்தது இதழில்.

திறப்பு விழா அன்றும் மழை. சுவிட்சைத் தட்டி மாதிரிக்கு ஒளியூட்டும் வாய்ப்பு வாண்டுக்குக் கிடைத்தது. அலுவலகத்து ஆள் பெற்ற பிள்ளை, மேடையில் கேள்வி கேட்காது என்று நம்பினார்கள். அப்பாவும் மகளும் ஒரே குடையில் முன்கூட்டியே வந்தார்கள். அவள் பையில் காய்ந்த துணியில் சுற்றிய சாக்பீஸ் டப்பா இருந்தது, வகுப்பறைக் கரும்பலகையில் முதல் ஆளாக எழுதுவதற்காக.

மூன்றாம் வகுப்பு அறை திறந்திருந்தது. நான்கு பேர் எதையோ துணி போர்த்தி உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ன சார் அது?" என்றார் அடைமொழி.

"கூடத்தோட மாதிரி," என்றார் பொறியாளர். "புதுக் கட்டிடம் எதுவானாலும் மாதிரி வைக்கணும். விதி இருக்குல்ல."

"கூடத்தைத்தான் கட்டியாச்சே சார்."

"அதுக்காக மாதிரியைத் தூக்கிக் குப்பையில போட முடியுமா? அப்புறம் சரியாக் கட்டியிருக்கோமான்னு எதை வச்சுப் பாக்கிறது?"

"அப்ப மூணாம் வகுப்பு?"

"அவங்களுக்கு என்ன சார், பழகிட்டாங்க."

அடைமொழி ஒரு சொல் தேடினார். எத்தனையோ ஆண்டுகளாகக் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த சொற்கள். அன்றைக்கு ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. வாண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சாக்பீஸ் டப்பாவைப் பையின் அடியில் தள்ளினாள்.

இருவரும் கூடத்துக்குப் போனார்கள். உள்ளே யாரும் இல்லை. விளக்குக் கம்பியைச் சரிபார்த்த மின் பணியாளர் பள்ளிக்கூட மாதிரியின் கண்ணாடியைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தார். வாண்டு பெட்டியின் மேல் முகவாயை வைத்துப் பார்த்தாள்.

"அப்பா, இதுல எங்க கிளாஸ் எது?"

அவர் காட்டினார். கீழ்த்தளம், இடது ஓரம். வரிசையாகப் பெஞ்சு, வரிசையாகப் பொம்மை.

"இது தப்பா இருக்குப்பா."

"என்ன தப்பு?"

"நாங்க உள்ள இல்லையே."

அவள் விரலை விட்டு ஒரு பொம்மையைப் பிடித்தாள். ஈரத்தில் பசை இளகியிருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் மாதிரியின் வராண்டாவில் நிறுத்தினாள். அடுத்தது. அதற்கடுத்தது. மூன்றாம் வகுப்பு முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"பெஞ்சு உள்ளயே இருக்கட்டும்," என்றாள். "நனைஞ்சிடும்."

அடைமொழி தடுக்கத்தான் கையை நீட்டினார். வாசலில் ஜீப்புகள் வரும் சத்தம் கேட்டது. வேலை போகும், பேர் போகும் என்று மூளை சொன்னது. ஏணியைப் பிடித்த கை அதைக் கேட்கவில்லை. ஓரத்தில் விழுந்து கிடந்த ஒரு பொம்மையை நிமிர்த்தி, மற்றவர்களோடு சேர்த்து நிற்க வைத்தது. பிறகு கண்ணாடியை மூடி, விழாவுக்காகக் கட்டியிருந்த திரையை இழுத்துவிட்டது.

விழா தொடங்கியது. விருந்தினர்கள் கூடத்துக்குள். பெற்றோர்கள் முற்றத்தில் குடையோடு. மூன்றாம் வகுப்பு அதன் இடத்தில். வெளியே இருப்பவர்களும் பயன்பெற ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தபடி திரையை விலக்கினார். வாண்டு சுவிட்சைத் தட்டினாள். எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் வந்தது. தலைவர் ஆசையோடு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"யாருய்யா இது?" ஒலிபெருக்கி அதிர்ந்தது. "பிள்ளைங்களை வராண்டால தள்ளினது யாரு?"

முற்றத்தில் குடைகள் அசையாமல் நின்றன.

"ஐயா, மைக்," என்றார் பொறியாளர் மெதுவாக.

"இருக்கட்டும், எல்லாரும் கேக்கட்டும். கிளாஸ் ரூம் காலியாக் கிடக்கு. பெஞ்சுக்குக் கொடுத்த இடத்தைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்கல. சாரல் அடிச்சா என்ன ஆகும்? இதைச் செஞ்சவன் பிள்ளை பெத்தவனா? அவனுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? யாரா இருந்தாலும் நான் சும்மா விடமாட்டேன்."

கண்ணாடிப் பெட்டி முற்றத்திலிருந்து தெரியாது. அங்கே இருந்தவர்களுக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. முதலில் ஒருவர் கை தட்டினார். பிறகு குடைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் தட்டினார்கள். தலைமையாசிரியை கை வலி மறந்து தட்டினார். தலைவர் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை. இன்னும் இரண்டு முறை அதையே சொன்னார்.

அந்த மாத இதழின் முதல் பக்கத்தில் ஒரே செய்திதான். 'பிள்ளைகளை வராண்டாவில் தள்ளியது யார்? வாரியத் தலைவர் கேள்வி.' கீழே அவர் பேசியது, பேசியபடி. பொம்மை என்ற சொல் அதில் இல்லை. தலைவரும் அதைச் சொல்லவில்லை. பக்கம் முழுக்கத் தேடினாலும் ஒரு அடைமொழி கிடையாது. தலைமையாசிரியை அதை வாங்கி, லேமினேஷன் செய்து, வராண்டாவில் மாட்டினார். இப்போது அந்த வராண்டாவில் நனையாத பொருள் அது ஒன்றுதான். தினமும் பிள்ளையை விட வரும் பெற்றோர்கள் நின்று படித்துவிட்டு, அப்படியே வாரிய அலுவலகத்துக்குப் போய், "ஆள் கிடைச்சானா சார்?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.

கிடைக்கவில்லை. ஆனால் வாரியம் சும்மா இருக்கவில்லை. பொம்மைகள் அன்றே பத்திரமாக உள்ளே ஒட்டப்பட்டுவிட்டன. குற்றவாளியைக் கண்டுபிடிக்க உயர்மட்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. அதன் தலைவராக இருக்கத் தலைவரே பெரிய மனதோடு இசைந்தார். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே அது கூடுகிறது, விசாரிக்கிறது, கலைகிறது. மூன்றாம் வகுப்பு மட்டும் நேரில் கண்ட சாட்சி என்பதால், சம்பவ இடத்தை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு.

"அவ்வளவு தேடியும் ஆள் சிக்கலையாமே?" என்றார் அடைமொழியின் மனைவி, ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே. "பாவம், உங்க தலைவர் வீட்டுல முகம் பாக்க ஒரு கண்ணாடிகூட இல்ல போலிருக்கு."