பேஸ்மென்டில் என் பெயரெழுத்து

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீட்டுக்காரன்மேல் ஒரே ஒரு சந்தேகம்தான்: அடுத்த வருடம் எவ்வளவு கூட்டுவான்? வீட்டுக்காரனின் சந்தேகங்களுக்கோ கரையே கிடையாது. கீழே தண்ணீர் ஓடினால் ஏன் ஓடுகிறது, ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை. (வாடகைக்கு இருந்த காலத்தில் நான் எவ்வளவு நிம்மதியாகக் குறட்டை விட்டேன் என்பதை வசந்தி இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். வசந்தி என் மனைவி. இந்தக் கதையில் புத்தி உள்ள ஒரே ஆள்.)

மொன்றியலில், வில்லரேப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கி நடுத்தளத்தில் குடியேறினோம். மேல்மாடியும் பேஸ்மென்டும் வாடகைக்கு. பேஸ்மென்ட் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அதன் கூரை என் தலையிலேயே இடிக்கும். என் குட்டை உயரத்தைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கூரையின் நிலைமை விளங்கும். ஜன்னலால் பார்த்தால் பனியும் தெருவில் போகிறவர்களின் சப்பாத்துகளும் தெரியும்.

அதைப் பார்க்க லவ்டே என்ற பெண்மணி வந்தார். அறுபது கடந்த, ஓய்வுபெற்ற தாதி. (அவர் பேசுவது ஆங்கிலம், என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.)

"மேலே நல்ல வெளிச்சமான வீடும் இருக்கிறது, வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை" என்றேன்.

அவர் சுவரைத் தடவினார். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, கோயிலுக்குள் நுழைந்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"வேண்டாம், இதுதான். அருமையான இருட்டு. என் குடும்பமே பரம்பரை பரம்பரையாக நிலத்துக்குக் கீழேதான்."

என் சந்தேகம் அன்றைக்கே சோம்பல் முறித்து எழுந்து உட்கார்ந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஃபர்னஸின் ஃபில்டரை மாற்றுவதற்காக எங்கள் சமையலறைப் படிக்கட்டால் கீழே இறங்கினேன். அந்த அறைக்கு இரண்டு கதவுகள்: ஒன்று என் படிக்கட்டுக்கு, மற்றது லவ்டேயின் கூடத்துக்கு. ஃபர்னஸின் பின்மூலையில், வெறும் நிலத்தில், ஒரு சின்னத் தட்டு. தட்டில் ஒரு பலகாரத் துண்டு. உள்ளே கறி வைத்து மடித்துச் சுடுகிற எங்கள் பற்றீஸ் இருக்கிறதல்லவா, அதன் முறுக்கிய ஓரம் மாதிரி, ஆனால் நாலு மடங்கு பெரிசு. அதன்மேல் மாவாலேயே 'எல்' என்ற ஆங்கில எழுத்து.

அடுத்த கிழமை மறுபடி போனேன். (ஃபில்டரை அவ்வளவு அடிக்கடி மாற்றத் தேவையில்லை. கழற்றிய ஃபில்டர்களை அந்த மூலையிலேயே அடுக்கி வைத்தேன் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.) தட்டு வெறுமை. அதற்கடுத்த கிழமை புதிய துண்டு. ஆக, யாருக்கோ படையல் நடக்கிறது. அந்த யாரோ சாப்பிட்டும்விட்டுப் போகிறார்.

"வசந்தி, கீழ மூலையில சாப்பாடு வைக்கிறா."

"எலிக்கு மருந்து வைக்கிறாவாக்கும்."

"எழுத்துப் போட்டோ?"

"அப்ப படிச்ச எலியாக்கும். பேசாமச் சாப்பிடுங்கோ."

பிறகு ஒருநாள் பாதி திறந்திருந்த கதவால் அந்தக் கொடியையும் கண்டேன். முழுக்கக் கறுப்பு, நடுவில் வெள்ளைச் சிலுவை. எங்கள் ஊரில் கறுப்புக் கொடி என்றால் ஒன்றில் ஹர்த்தால், இல்லாவிட்டால் செத்த வீடு. ஹர்த்தாலுக்குச் சிலுவை போட மாட்டார்கள்.

பெப்ரவரி கடைசியில், நான் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது லவ்டே வந்து நின்றார்.

"மிஸ்டர் சற்குணம், ஓர் அனுமதி வேண்டும். எங்கள் முன்னோர்கள் கோர்ன்வாலில் இருந்து வந்தவர்கள். மார்ச் தொடக்கத்தில் எங்கள் புனிதர் பிரானின் நாள். இத்தனை வருடமும் ஒரு தேவாலய மண்டபத்தில் கூடினோம், அதை மூடிவிட்டார்கள். ஆட்களும் குறைந்துவிட்டார்கள், பிள்ளைகள் வருவதில்லை. சங்கத்தையே மூடிவிடலாம் என்று பாதிப்பேர் சொல்கிறார்கள். இந்த ஞாயிறு என் வீட்டில் கூடி முடிவெடுக்கப் போகிறோம். எப்படியாவது மூட விடாமல் செய்ய வேண்டும்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்குக் கண்ணில் பட்டதோ அவருடைய கழுத்துச் சால்வை. அதுவும் கறுப்பு.

"நல்லது, நல்லது" என்றேன்.

அந்தக் கிழமைதான் எனக்குக் கிரகங்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. பனி அள்ளும் நாள் என்று போட்ட அறிவிப்புப் பலகையைப் பார்க்காமல் நிறுத்திய காரை இழுத்துக்கொண்டு போனார்கள். காரைத் தேடி ஓடும்போது நடைபாதையில் வழுக்கி விழுந்தேன். விழுந்த அதிர்ச்சியில் கடைவாய்ப் பல் ஒன்று தன் பழைய வேலையை ஆரம்பித்தது. ("மொன்றியல்ல மார்ச்சில வழுக்காமல் நடந்த ஒராளைக் காட்டுங்கோ பாப்பம்" என்றாள் வசந்தி. புத்தி உள்ளவர்களிடம் அனுதாபம் கிடைக்காது.)

இரண்டு நாள் கழித்து, நொண்டி நொண்டி ஃபர்னஸ் அறைக்குப் போனேன். தட்டில் இப்போது இரண்டு துண்டுகள். ஒன்றில் 'எல்'. மற்றதில் 'எஸ்'.

என் பெயர் சற்குணம்.

அப்படியே பார்க் எக்ஸ்டென்ஷனில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கனகண்ணையிடம் ஓடினேன். செய்வினை, சூனியம், கண்ணூறு மூன்றுக்கும் எங்கள் வட்டாரத்தில் அவர்தான் கடைசி வார்த்தை. பருப்பு நிறுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"எந்த ஊராள் எண்டு சொன்னவ?"

"கோர்ன்வால்."

"கோர்ன்வாலோ? தம்பி, நான் ரொறன்ரோ போறது வாறதெல்லாம் அதுக்குள்ளாலதான். வழியில கோப்பி குடிக்கிறனான். அங்க உப்பிடி ஒரு கொடியும் இல்லை, ஒரு சாமியாரும் இல்லை. மனுசி பொய் சொல்லுது!"

(இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஒரு கோர்ன்வால் இருக்கிறது என்பதோ, ஒண்டாரியோக்காரர் அந்தப் பெயரைத்தான் தங்கள் ஊருக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதோ எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.)

"ஆனா அண்ணை, நான் விழுந்து இரண்டு நாளைக்குப் பிறகுதானே எழுத்தைக் கண்டனான்?"

"அதுதான் பெரிய வினை. பின்னுக்கும் வேலை செய்யும்."

பரிகாரமும் சொன்னார். ஞாயிறு பின்னேரம், இராகுகாலத்தில், அதே மூலையில் நீற்றுப் பூசணிக்காய் உடைக்க வேண்டும். உள்ளே குங்குமம், மேலே கற்பூரம். வீட்டுக்காரன்தான் உடைக்க வேண்டும், மேற்சட்டை போடக்கூடாது. பூசணிக்காய் அவருடைய கடையிலேயே இருந்தது.

"ஞாயிறு அந்தக் கூட்டம் எல்லாம் அங்க கூடுதே அண்ணை?"

"அப்ப ஒரேயடியா எல்லாருக்கும் திருப்பி அடிக்கலாம்."

ஞாயிறு வந்தது. வசந்தி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நாங்கள் இருவரும் படிக்கட்டால் இறங்கினோம். நான் வேட்டி, வெறும் மேல், நெற்றியிலும் மார்பிலும் திருநீறு. கனகண்ணை தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, பாதுகாப்பாக எனக்குப் பின்னால்.

கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. ஒரு எழுத்தும் விளங்கவில்லை. பிறகு பாட்டு நின்றது. கதவின் கீழ் இடுக்கில் தெரிந்த மின்விளக்கு வெளிச்சமும் அணைந்து, மெழுகுதிரியின் மங்கல் மட்டும் ஆடியது. இருமல்கூட இல்லாத அமைதி.

"மந்திரம் முடிஞ்சுது" என்று காதுக்குள் ஊதினார் கனகண்ணை. "இனித்தான் ஏவுவினம். அடி தம்பி, அடி!"

கற்பூரத்தைக் கொளுத்தி, சுற்றி, பூசணிக்காயை நிலத்தில் ஓங்கிப் போட்டேன். உடையவில்லை. பகல் முழுக்கக் கனகண்ணையின் காரில் குளிரில் கிடந்து தோல் உறைந்து கல்லாகிப் போயிருந்தது. எரிந்துகொண்டிருந்த கற்பூரம் மட்டும் உருண்டு எங்கேயோ போனது. நான் காயைத் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

டொக்.

அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. பயந்துவிட்டார்கள்! எனக்குத் தைரியம் வந்தது. மறுபடி அடித்தேன்.

டொக்.

ஒரு பெண் விசும்பினாள். மூன்றாவது அடியில் பூசணிக்காய் என் முகத்துக்கு நேரேயே வெடித்தது. குங்குமத் தண்ணீர் என் மொட்டை மண்டையிலிருந்து தொப்புள் வரைக்கும் வடிந்தது. அதே நேரம் கற்பூரம் எங்கே போனது என்பதும் தெரிந்தது. நான் அடுக்கி வைத்த ஃபில்டர்கள் கப்பென்று பற்றிக்கொண்டன. புகைக்கு வைத்த மணி வீடு முழுக்கக் கத்தியது. கனகண்ணை படியேறிப் போய்விட்டார். அந்த வயதில் அந்த வேகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

மற்றக் கதவு திறந்தது.

தொப்பியில் மெழுகுதிரி ஒட்டிய வயதானவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால், புகைக்கு நடுவில், குட்டையாக, மொட்டையாக, வெள்ளையும் சிவப்பும் பூசிய ஓர் உருவம். அதாவது நான். முன்னால் நின்ற கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

"வந்துவிட்டார்களா?" என்றார்.

லவ்டே அவரை விலக்கிக்கொண்டு வந்து பெரிய தேநீர்க் கேத்தலை அப்படியே ஃபில்டர்கள்மேல் கவிழ்த்தார். நெருப்பு அணைந்தது. அடுத்து என் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கே காயம்? எங்கேயிருந்து இரத்தம்?" கடைசியில் என் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு பூசணி விதையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"மிஸ்டர் சற்குணம்," என்றார், "இது என்ன?"

நல்லவேளை, ஈரத்தலையோடு வசந்தி இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் கூப்பிட்ட தீயணைப்புக்காரர்கள், "பொன்ஜூர்" சொல்லிக்கொண்டு.

"என்னப்பா இது?" வசந்தி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அந்த மனுசி வருசத்தில ஒருநாள் கொண்டாட்டம் வைக்க, நீங்கள் கோலம் கட்டிக்கொண்டு வந்து நிக்கிறீங்கள். உங்களுக்கு என்ன விசரே?"

தட்டைக் காட்டினேன். 'எஸ்' எழுத்தைக் காட்டினேன். வசந்தி லவ்டேயிடம் என் குற்றச்சாட்டை மொழிபெயர்த்தாள். (அதில் 'செய்வினை' என்பதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் முழு வீட்டையும் சோதித்து முடித்தார்கள்.)

லவ்டே விளக்கினார். பாட்டு, கோர்ன்வாலின் பழைய மொழியில். கோர்ன்வாலில் அவர்களுடைய பூட்டன்மார் இருட்டுக்குத் தொப்பியில் மெழுகுதிரி ஒட்டிக்கொண்டு வெள்ளீயச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். சாப்பாட்டுக்குப் பாஸ்டி என்ற அந்தப் பலகாரம். உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும், மாறிப் போகாமல் ஓரத்தில் அவரவர் பெயரெழுத்து. கடைசித் துண்டைச் சுரங்கத்தில் குடியிருக்கும் குட்டை மனிதர்களுக்கு விட்டுவைப்பார்களாம். பதிலுக்கு, மண் சரியப் போகிறது என்றால் அவர்கள் சுவரில் தட்டி எச்சரிப்பார்களாம். சுரங்கத் தொழில் படுத்த பிறகு, எங்கே தோண்ட ஆள் கேட்டார்களோ அங்கெல்லாம் போய், கனடாவுக்கும் வந்தார்கள்.

"இங்கே நான் சுரங்கத்துக்கு எங்கே போவேன்? கிடைத்தது உங்கள் பேஸ்மென்ட்தான்."

"அப்போ 'எஸ்'?" என்றேன்.

"நீங்கள் வழுக்கி விழுந்ததை ஜன்னலால் பார்த்தேன். பாவமாக இருந்தது. வீட்டுக்காரரையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் பெயரில் ஒரு துண்டு வைத்தேன்."

அந்த நேரத்தில் என்னைவிட அந்தக் கூரை உயரமாகத்தான் இருந்தது.

படிக்கட்டில் கனகண்ணையின் தலை மெதுவாகத் தெரிந்தது. பாஸ்டி வாசம் இழுத்திருக்கிறது. சமாதானமாக, கொடியைக் காட்டி, "உவர் ஆர் அந்தச் சாமியார்?" என்று கேட்டார். புனிதர் பிரானைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, அவர் அந்தக் கல்லிலேயே மிதந்து கரை சேர்ந்தார் என்றார் லவ்டே. நான் மொழிபெயர்த்தேன்.

"கல்லில மிதந்தவரோ?" கல்லோடு கட்டிக் கடலில் தள்ளத் தேவாரம் பாடி மிதந்தவரைச் சமய பாடத்தில் படித்த எவருக்கும் வருகிற அதே திகைப்பு கனகண்ணையின் முகத்தில். "அப்ப எங்கட ஆள்தானே! முதலே சொல்லியிருக்கலாமே." ஒரு பாஸ்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தும்விட்டார். தீயணைப்புக்காரர்களும் எடுத்தார்கள். குங்குமம் தெறித்த கம்பளத்தை நான் தேய்க்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் தொப்பி கழற்றிய கிழவர் எழுந்தார். அவர்தான் தலைவர்.

"மூடிவிடுவோம் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்" என்றார். லவ்டே தலையைக் குனிந்துகொண்டார். "ஒவ்வொரு வருடமும் விளக்கை அணைத்துவிட்டுக் காது கொடுத்து இருக்கிறோம். என் அப்பாவும் இப்படிக் காது கொடுத்து இருந்தார், அவருடைய அப்பாவும் இருந்தார். இந்த நாட்டில் ஒரு சுவரும் எங்களுக்குத் தட்டியதில்லை. இன்றைக்குத் தட்டியது. என் கையில் மயிர் எழுந்து நின்றது. தட்டினது யார் என்பதை நான் கேட்கப் போவதில்லை. மூட விரும்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள்."

ஒருவரும் தூக்கவில்லை. கேள்வி விளங்காமல் கனகண்ணை மட்டும் தூக்கினார். வசந்தி பிடித்து இறக்கினாள்.

லவ்டே என்னை மன்னித்தார் என்றுதான் நினைக்கிறேன். கம்பளத்தை மன்னிக்கவில்லை, இன்றும் வருகிறவர்களுக்கு அந்தச் சிவப்புக் கறையைக் காட்டுகிறார்.

தண்டனையும் தொடர்கிறது. ஒவ்வொரு மார்ச்சிலும், விளக்கு அணைந்ததும், ஃபர்னஸ் அறையிலிருந்து தட்டுவது என் கடமை. பூசணிக்காய் உடைப்பதும் நிகழ்ச்சியில் சேர்ந்துவிட்டது (காயை மொத்தமாக வழங்குவது கனகண்ணை). வீட்டிலோ, மின்கட்டணம் ஏன் கூடியது, பக்கத்து வீட்டுக்காரன் ஏன் சிரித்தான் என்று நான் வாயைத் திறந்தாலே போதும், வசந்தி மேசையில் விரலால் தட்டுவாள். டொக், டொக், டொக். அதோடு பேச்சு முடிந்தது. பற்றீஸ் சுடுகிற நாளில் எனக்குரியதில் 'எஸ்' போட்டே தருவாள்.

போன தடவை புதிதாக ஓர் இளம்பெண் வந்திருந்தாள். பூட்டன் கோர்ன்வால்காரன் என்று அண்மையில்தான் அறிந்தவள். உடைந்த பூசணியைப் பக்தியோடு படம் எடுத்துவிட்டு லவ்டேயிடம் கேட்டாள்: "கோர்ன்வாலிலும் இப்படித்தான் உடைப்பார்களா?"

லவ்டே என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

"முந்தி உடைத்தார்கள்" என்றார். "இப்போது அங்கே எல்லாம் அழிந்துபோய்விட்டது. மொன்றியலில் நாங்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறோம்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு புதுச் சந்தேகம். நாங்கள் பரம்பரை வழக்கம் என்று உடைக்கிறோமே இந்தப் பூசணிக்காய், இதை முதன்முதலில் எந்த ஊரில் எந்தக் குட்டை மனிதன் எதற்குப் பயந்து கைதவறிப் போட்டானோ? வசந்தியிடம் கேட்டேன்.

மேசையில் தட்டினாள்.