பதினோராவது சிப்

ஒழுங்கான மனிதர்கள் ஆபத்தானவர்கள். மற்றவர்களுக்கு அல்ல, தங்களுக்கே. இதை நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எனக்கு மொன்றியல் விமான நிலையத்தடியில், டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் இடம். தட்டில் பாண் எங்கே, வெண்ணெய் எங்கே, முள்ளுக்கரண்டி எந்தப் பக்கம் என்று படம் எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து அடுக்குவார்கள். நான் அடுக்கிய தட்டைத்தான் படமே எடுத்தார்கள். (இதைச் சொன்னால் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.) கோணலாக ஒரு பொருள் கண்ணில் பட்டால் என் கை தானாகப் போய் அதை நிமிர்த்திவிடும். மருத்துவரின் மேசையிலிருந்த பேனைகளைக்கூட நிமிர்த்தியிருக்கிறேன்.

அதோடு எனக்கு இன்னொரு ஒழுங்கும் உண்டு. அது என் ஒருவனுடையது அல்ல, எங்கள் எல்லோருடையதும். கலியாண வீட்டில் நூறு டொலர் கொடுத்தால் அது கோபம். நூற்றொன்று கொடுத்தால் அன்பு. நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் காசு பூச்சியத்தில் முடியக் கூடாது. அந்த ஒன்று, இனியும் பெருகட்டும் என்பதற்காக. ஊரை விட்டோம், மொழியைப் பாதி விட்டோம், அந்த ஒன்றை மட்டும் மொன்றியல் வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தோம். அதுதான் என்னைப் பிடித்துக் கொடுத்தது.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு சித்திரை வருடப்பிறப்பு. எனக்கும் என் மனைவி வசந்திக்கும் மகள் ஆரணிக்கும் கனடாக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் அடுத்த கிழமை. மூன்று பேருக்கும் ஒரே நாள், ஒரே மண்டபம். நான் சத்தியப்பிரமாண வாசகத்தை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பாடமாக்கி, குளியலறையில் கையை உயர்த்திச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன். நாடில்லாமல் பன்னிரண்டு வருடம் இருந்தவனுக்கு அது சின்ன விஷயம் அல்ல. மூவரும் கொடியோடு நின்று எடுக்கப்போகும் படத்துக்கு வில்லரேயில் இருந்த எங்கள் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து, மட்டம் பார்த்து, தயாராக வைத்திருந்தேன்.

வருடப்பிறப்பன்று கர்க்லாண்டில் இருந்து ரத்தினம் அண்ணை வந்தார். வசந்தியின் அக்காவின் கணவர், எனக்குச் சகலன். பெரிய வீடு, பெரிய கார், கோயில் நிர்வாக சபைத் தலைவர். அந்த வருடம் மஞ்சள் உடுப்பு உடுக்க வேண்டும் என்று பஞ்சாங்கத்தில் இருந்தது. அக்கா எங்கோ மலிவு விற்பனையில் மஞ்சள் சேர்ட் இரண்டு வாங்கி, ஒன்றை அண்ணைக்கும் ஒன்றை எனக்கும் தந்திருந்தார். மஞ்சளில் பச்சை அன்னாசிப் பழங்கள். பழம் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. இந்தச் சேர்ட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருடப்பிறப்பில் மூத்தவர் கொடுக்கும் கைவிசேஷமாக என் கையில் ஐம்பது டொலரை வைத்தார் அண்ணை. (பூச்சியத்தில் முடிந்ததைக் கவனித்தேன். சொல்லவில்லை.)

"தம்பி, வெளிக்கிடும். இண்டைக்கு நல்ல நாள். உம்மட கையாலை ஒருக்கா விளையாடிப் பாப்பம்."

"எங்கை அண்ணை?"

"கசினோவுக்குத்தான். பயப்பிடாதையும், அது அரசாங்கத்தின்ரை."

தான் விளையாடுவதில்லை என்றார் அண்ணை. கோயில் தலைவர் விளையாடக் கூடாதாம். விளையாடுகிறவருக்குப் பக்கத்தில் நின்று யோசனை சொல்லலாமாம். நல்ல நாளும் அதுவுமாகச் சகலனிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வசந்தி மட்டும் கதவடியில் நின்று, "இஞ்சேருங்கோ, அடுத்த கிழமை சத்தியப்பிரமாணம். ஒரு வில்லங்கத்துக்கும் போகாதேங்கோ," என்றாள். நான் சிரித்தேன். என்னைப் போன்ற ஒருவனுக்கு என்ன வில்லங்கம் வரும்?

கசினோவில் அண்ணை என்னை ரூலெட் மேசைக்குக் கூட்டிப்போனார். சக்கரம் சுற்றும், சின்னப் பந்து ஓடும், எந்த எண்ணில் விழும் என்று பந்தயம். சிவப்பா கறுப்பா என்றும் வைக்கலாம். மேசையை நடத்திய இளம் பெண்ணிடம் அண்ணையின் ஐம்பதோடு என்னுடைய ஐந்து டொலரையும் சேர்த்துக் கொடுத்து, காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள், ஐந்து டொலர் சிப் பதினொன்று வாங்கினேன்.

"உதென்ன பதினொண்டு?" என்றார் அண்ணை.

"நல்ல நாளெல்லே அண்ணை."

"ஐசே, இதென்ன கலியாண வீடே? சூதாட்டத்துக்கு ஆரும் ஒண்டு கூட்டுறவையே? நல்ல காரியத்துக்குத்தான் உது. பத்தை வையும்!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சூதாட்டம் நல்ல காரியம் அல்ல. பத்துச் சிப்பைச் சிவப்பில் அடுக்கி வைத்தேன். மிஞ்சிய ஒன்று என் கைக்குள் இருந்தது. அது எனக்குப் பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது.

பந்து ஓடியது. அந்தப் பெண் மேசைக்கு மேலே கையை விரித்து வீசி, பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். இனி ஒன்றும் வைக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது விளங்கியது. ஆனால் விளையாடுகிறவர்களுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் விளையாட வந்தவன் அல்லவே.

பந்து சிவப்பில் விழுந்தது.

அண்ணை என் முதுகில் ஓங்கி அறைந்து, "அடிச்சிட்டாய் தம்பி!" என்று கத்தினார். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். நான் மட்டும் சிப்புகளைப் பார்த்தேன். பத்து. பூச்சியம். வென்றாயிற்று; இப்போது இது நல்ல காரியம் ஆகிவிட்டது. நல்ல காரியம் பத்தில் நிற்கலாமா? கைக்குள் இருந்த பதினோராவது சிப்பை எடுத்து மேலே வைத்தேன். வைத்ததோடு நிற்காமல், விளிம்பு கொஞ்சம் விலகியிருந்ததைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து நிமிர்த்தியும்விட்டேன்.

அந்தப் பெண் கையை உயர்த்தினாள். கறுப்புக் கோட்டுப் போட்ட இருவர் எனக்கு இரண்டு பக்கத்திலும் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் அண்ணையிடம், இவர் உங்களோடு வந்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மேலே தொங்கிய விளக்குகளைப் பார்த்தார்.

"திஸ் ஜென்டில்மன்? நோ, நோ. ஐ டோன்ட் நோ ஹிம்."

எட்டு வருடமாக என் வீட்டுத் தோசையைச் சாப்பிட்டவர். அன்றுதான் முதல் தடவையாக என்னை ஜென்டில்மன் என்றார்.

பின்னால் ஓர் அறை. ஜன்னல் இல்லை. ஒரு பொலிஸ்காரர், ஒரு திரை, ஒரு தொலைபேசி. முடிவு தெரிந்த பிறகு பந்தயத்தில் சிப் சேர்ப்பது பழைய களவு முறையாம். விளையாட்டில் மோசடி குற்றவியல் சட்டத்தில் குற்றமாம். இரண்டு வருடம் வரை சிறையாம். ஒரு ஐந்து டொலர் சிப்புக்கு! என் பிரெஞ்சு காய்கறிக் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். சென்னைக்காரர்.

"வணக்கம் சார். நீங்க சொல்றதை அப்படியே சொல்றதுதான் என் வேலை. ஏன் வெச்சீங்கன்னு கேக்குறார்."

"நல்ல காரியத்துக்கு ஒண்டு கூட்டி வைக்கிறது எங்கட வழக்கம்."

"மொய்யா சார்? நூத்தி ஒண்ணு மாதிரியா?"

"ஓம், ஓம்! அதேதான்!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கட்டடத்தில் என்னை விளங்கிக்கொள்ள ஒருவர் கிடைத்துவிட்டார்.

அவர் அதை மொழிபெயர்த்தார். பொலிஸ்காரர் யோசித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வழக்கம்னா பந்து விழறதுக்கு முன்னாடியே ஏன் வெக்கலைன்னு கேக்குறார் சார்."

"முன்னுக்கு எப்பிடி வைக்கிறது? வெல்லுமோ தெரியாதே. வெண்டாப் பிறகுதானே அது நல்ல காரியம்."

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"சார், இதை அப்படியே சொல்லிடட்டுமா?"

"சொன்னபடி சொல்லுங்கோ. ஒரு சொல்லும் கூட்டிக் குறைக்க வேண்டாம்."

"இல்ல சார், நீங்க கொஞ்சம் யோசிச்சு..."

"உள்ளதைத்தானே சொல்லுறன்!"

அவர் பெருமூச்சு விட்டு, உள்ளதைச் சொன்னார். வெல்லும் என்று தெரிந்த பிறகுதான் வைத்தேன் என்பதை, சட்டப் புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவாக, நானே வாய்திறந்து சொல்லியிருந்தேன். பொலிஸ்காரர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். இவ்வளவு ஒத்துழைப்பை அவர் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு திரையில் காட்டினார்கள். மேலே இருந்து எடுத்த படம். என் கை வருகிறது. சிப்பை வைக்கிறது. இரண்டு விரலால் விளிம்பை நிமிர்த்துகிறது. கறுப்புக் கோட்டுக்காரர் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். புதுக் களவர்கள் சிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையை இழுப்பார்களாம், கை நடுங்குமாம். இது நன்றாகப் பழகிய கையாம். டோர்வலில் பல வருடம் உழைத்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஐந்து டொலர் விஷயம், வினோதமான வழக்கம் என்று அந்தப் பொலிஸ்காரர் பாதி மனம் இளகியிருந்தார். கடைவாயில் சிரிப்புக்கூட வந்தது. அப்போதுதான் கறுப்புக் கோட்டுக்காரர் படத்தைக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டினார். ஒருவர் முதுகில் அறைந்து கத்துகிறார். எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள். அந்த நேரம் என் கை போகிறது. இப்படிக் கவனத்தைத் திருப்ப ஒரு கூட்டாளி வருவது வழக்கம் என்றார் அவர்.

"இவர் உங்க கூட வந்தவரான்னு கேக்குறாங்க சார்."

நான் அக்காவை நினைத்தேன். கோயிலை நினைத்தேன். தலைவரைப் பொலிஸ் பிடித்தது என்று கதை வந்தால் கர்க்லாண்டில் இருந்து வில்லரே வரைக்கும் ஒரு மாதம் அதே கதைதான். அவர்தான் தெரியாது என்று சொல்லிவிட்டாரே. நான் தெரியும் என்று சொன்னால் அவர் பொய்யர் ஆகிவிடுவார். பொய்யே சொல்லத் தெரியாதவன், அன்று ஒன்றைச் சொன்னேன்.

"தெரியாது."

பொலிஸ்காரர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தை அல்ல, நெஞ்சை. திரையில் மஞ்சளில் பச்சை அன்னாசி. எனக்கு முன்னால் இருந்த கண்ணாடி மேசையிலும் மஞ்சளில் பச்சை அன்னாசி.

"ரெண்டு பேரும் ஒரே சட்டை எப்படின்னு கேக்குறார் சார்."

"இண்டைக்கு எங்கட புதுவருசம். மஞ்சள் உடுக்கச் சொல்லிப் பஞ்சாங்கத்திலை இருக்கு."

அவர் அதைப் பிரெஞ்சில் சொன்னார். பொலிஸ்காரர் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளரின் குரல் மிகவும் தாழ்ந்தது.

"அன்னாசிப்பழமும் பஞ்சாங்கத்துல இருக்கான்னு கேக்குறார் சார்."

பொலிஸ்காரரின் சிரிப்பு போய்விட்டது. வழக்கத்தை மன்னிக்கலாம், பொய்யை எப்படி மன்னிப்பது? என் விஷயம் வழக்குத் தொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யும் அரச சட்டத்தரணிக்குப் போகும் என்றார். கசினோவுக்குள் இனிக் கால் வைக்கக் கூடாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்து பார்த்தால், அண்ணையின் கார் நின்ற இடத்தில் வேறு கார் நின்றது. பஸ் பிடித்து, மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். மெட்ரோவில் ஒரு சின்னப் பிள்ளை என் சேர்ட்டைக் காட்டித் தாயிடம் ஏதோ கேட்டுச் சிரித்தது. என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான்: வருடப்பிறப்பு. வெளியே போனோம்.

அடுத்த கிழமை மண்டபத்தில், சத்தியப்பிரமாணத்துக்கு முன், அண்மையில் பொலிஸ் சம்பந்தமாக ஏதாவது நடந்ததா என்று கேட்டார்கள். நடந்ததை ஒழுங்காக, அரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வசந்தி தலையில் கை வைத்தாள்.

"ஓம் இல்லை எண்டு சொன்னாப் போதாதே? அன்னாசியையும் எழுத வேணுமே?"

அதிகாரி வாசித்துவிட்டு, வழக்கு இல்லை என்று கடிதம் வரும்வரை பொறுத்திருங்கள் என்று என் தாள்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். நான் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் என்றால் ரத்தினம் அண்ணை. சம்பவத்துக்குப் பிறகு அன்றுதான் காண்கிறேன்.

"நான் உம்மட்டைச் சொன்னனானெல்லே தம்பி, ஒண்டு கூட்டாதையும் எண்டு," என்றார்.

அது உண்மை. அதுதான் இன்று வரைக்கும் என்னால் தாங்க முடியாதது.

முன்னால் வசந்தியும் ஆரணியும் கையை உயர்த்தி வாசகத்தைச் சொன்னார்கள். எனக்கு முழுதும் பாடம். வாய்க்குள் சொன்னேன்; அது கணக்கில் சேராது. முடிந்ததும் படம். கமெராவை யாராவது பிடிக்க வேண்டுமே, நான் பிடித்தேன். கொடியோடு வசந்தி, கொடியோடு ஆரணி, நடுவில் வெற்றிடம் அழகில்லை என்று அண்ணை வந்து நின்றார். அதே அன்னாசிச் சேர்ட்.

வழக்கு வரவில்லை. கடிதம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு மழை நாளில், முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவில், நான் தனியாகக் கனடியன் ஆனேன். அன்று படம் எடுக்க ஒருவரும் இல்லை.

அண்ணை இந்தக் கதையை ஒரு கலியாண வீட்டிலும் விடுவதில்லை. அவர் சொல்லும் கதையில் அவர் கடைசிவரை எனக்குப் பக்கத்தில் நிற்கிறார். பொலிஸுக்கு ஆங்கிலத்தில் விளக்குகிறார். என்னைக் காரில் கூட்டிவருகிறார். என்னைக் கண்டதும் உறவுக்காரர் தங்கள் அன்பளிப்பு உறையைத் தூக்கிக் காட்டி, "ஒண்டு முதலே வைச்சாச்சு!" என்று கத்துகிறார்கள். நானும் சிரிக்கிறேன். நான் இப்போது கலியாணங்களுக்கு நூறுதான் கொடுக்கிறேன். கோபம் என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தப் படம் நான் அடித்த ஆணியில்தான் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இதிலை உங்கட அவர் எங்கை?" என்று கேட்பார்கள்.

"அவர் ஒண்டு கூட்டப் போனவர்," என்பாள் வசந்தி, தேத்தண்ணீரை நீட்டிக்கொண்டே.

எல்லோரும் சிரித்து முடிந்து குசினிப் பக்கம் போன பிறகு, நான் மட்டும் அந்தச் சுவரடிக்குப் போவேன். படம் கொஞ்சம் கோணலாக இருக்கும். இரண்டு விரலால் நிமிர்த்திவிடுவேன்.