கூடத்தில் ஓடிய ரயில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும், பிரசவ நாள் நெருங்கிவிட்ட என் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்களுடைய ஓயாத நினைப்பு.

"எப்ப மாமா கிளம்பறீங்க?" என்று போனில் கேட்டீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை நடுவில் புகுந்துவிடுவாள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தேன். போனில் இருக்கும் வரைபடம் ஒரு பகலும் ஒரு இரவும் என்கிறது. எதிர்வீட்டு லாரி டிரைவர், "கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடலாம் சார்" என்கிறார். அவர் கண்ணை மூடாமல் ஓட்டினாலே எனக்குப் போதும். டிக்கெட் ஏஜெண்டோ, "அட்டவணைப்படி சொல்லவா, நிஜத்தைச் சொல்லவா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். பஸ் டெப்போவில் போகிற வண்டிக்கெல்லாம் நேரம் குறித்தே தலை நரைத்தவன் நான், ஒன்றிலாவது ஏறி ஊர் தாண்டியது கிடையாது. ஆகவே, வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

இன்று காலை கூடத்து ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு, மடியில் பை, பக்கத்தில் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பொட்டலம், ஓடுகிற வண்டியின் காற்றுக்கு ஃபேனை முழு வேகத்தில் வைத்து, இருவரும் உட்கார்ந்தோம். "அடுப்புல பால் இருக்குங்க" என்று உங்கள் அத்தை எழுந்தாள். "ஓடுற வண்டியில ஏதுடி அடுப்பு, உக்காரு" என்றேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு அம்மாள் ஏணி கேட்டு வந்தார், "நாங்க ஊர்ல இல்ல" என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டேன். மாலைக்குள் உங்கள் அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, முனகல் தெருவுக்கே கேட்டதாம். "முனகினது யாருங்க?" என்று அவள் என்னையே பார்த்தாள். அத்தோடு வண்டியை நிறுத்திவிட்டேன்.

மனசு விட்டுச் சொல்கிறேன் மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. நாங்கள் வழியில் எங்கேயோ மாட்டிக்கொண்டு, அங்கே என் பெண் வலியில் "அம்மா" என்று கூப்பிட்டால் நான் என்னய்யா பண்ணுவேன்? அதனால் எங்களை எதிர்பார்க்க வேண்டாம். அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அவள் மறுபேச்சே பேசவில்லை, சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

உங்களுக்கு என் ஆசிகள். மகள் தலையை என் சார்பில் ஒருமுறை தடவிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: இன்று காலை எழுந்து பார்த்தால் வீட்டில் ஆளையும் காணோம், பையையும் காணோம். லாரி டிரைவர் வந்து, "அம்மாவ நாந்தான் ஸ்டேஷன்ல விட்டேன் சார். 'நேத்து நாற்காலியில உக்காந்த நேரத்துக்குப் பாதி வழி போயிருப்பேன்'னு சொல்லச் சொன்னாங்க" என்கிறார். அடுத்த வண்டியில் நானும் வருகிறேன். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் இதையும் தபாலில் போட்டுவிடுகிறேன். எனக்குப் பிறகுதான் வந்து சேரும். வந்ததும் பிரிக்காமல் என் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.