ஓரெழுத்துப் புதுப்பிப்பு

குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு விளக்கைக் குறைத்த நேரம். வாசலில் ‘ணங்... ணங்...’ என்று ஒரு சத்தம். நான் பல்லி கத்தினாலே போர்வைக்குள் போய்விடுகிற ஆள். ஆனால் இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சேகண்டி. துக்க வீட்டில் அடிப்பது. அதை எதற்கு எங்கள் வாசலில் அடிக்கிறார்கள்?

இதை விளக்க, எங்கள் நிறுவனத்தின் கொள்கை மாற்றத்தை வாசகர்களின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

என் கணவர் கார்முகில் திருவரங்குளத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் வீடு. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சொந்தக்காரர்களைச் சுற்றி நிறுத்தி எடுக்கும் படத்தில் அவரை மிஞ்ச இந்தப் பக்கம் ஆள் இல்லை. அனுபவங்களை எல்லாம் பிளாக்கில் கட்டுரையாகவும் எழுதிவந்தார். அப்போதுதான் எங்களுக்கு அன்புமொழி பிறந்தாள்; அதற்கும் ஒரு பதிவு போட்டார். துக்க வீட்டுக்குப் போன கேமராவைக் கீழே வைத்துவிட்டு அதே கையால் பிள்ளையைத் தூக்குகிறாரே என்று எனக்கு உதறல்.

“இனிமே பொறந்த பிள்ளைகளை மட்டும் எடுங்க. சாவு இந்த வாசப்படி ஏறக்கூடாது.”

“எனக்கும் சௌகரியந்தான். அதுகளும் தூங்கிட்டா அசையாது,” என்றார்.

பழைய கட்டுரைகளை என்ன செய்வது? புதுக்கோட்டையிலிருந்து சந்தோஷ் என்ற உள்ளடக்க ஆலோசகர் வந்தார். கணுக்காலுக்கு மேலே பேன்ட். காதில் ஏதோ மினுங்கியது.

“எல்லாத்தையும் அழிச்சிருங்க தம்பி,” என்றேன்.

“ஐயோ மேடம்! அழிச்சா தேடல்ல கீழ போயிருவோம். இப்பல்லாம் யாரும் அழிக்கிறதில்ல, புதுப்பிக்கிறதுதான். ‘இறந்த’னு இருக்கிற எடத்துல எல்லாம் ‘பிறந்த’. ஒரே எழுத்து, ஒரே பட்டன்.”

கான்வென்ட்டில் ஒரு எழுத்து மாறினால் சிஸ்டர் முழு மார்க்கையும் வெட்டிவிடுவார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பட்டனை அமுக்கிவிட்டார்.

மறுநாள் எங்கள் பிளாக் உலகுக்கு இவ்வாறு அறிவித்தது: ‘பிறந்தவரின் தாடையைத் துணியால் கட்டிய பிறகே படம் எடுக்கவும். பிறந்த வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் உள்ளே நுழையாதீர்கள். கொடும்பாளூர் உடையப்பன் (87) நேற்று பிறந்தார். செய்தி கேட்டு மயங்கி விழுந்த மகன் துபாயிலிருந்து விரைகிறார்.’

அடுத்த வாரம் பிறப்பு இறப்புக் கணக்குப் பார்க்கும் அலுவலர் பெரியண்ணன் வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“ஊர்ஊரா வீட்டுப் பிரசவம் நடந்திருக்கு. பக்கத்துல நின்னு படம் எடுத்திருக்கீங்க. ஒண்ணுகூட ஆபீஸ்ல பதியல.”

“சார், அவங்க எல்லாம் செத்தவங்க.”

பேனா நின்றது. “அப்ப சிசு மரணம்.”

“உடையப்பன் ஐயாவுக்கு எம்பத்தேழு வயசு சார்!”

“வயசு கெடக்கட்டும்மா. பிறந்தார்னு எழுத்துல இருக்கு. செத்தார்ங்கிறது ஒங்க வாய்ப்பேச்சு.”

“அவர் செத்தது ஒங்க ஆபீஸ்லயே பதிஞ்சிருக்குமே சார்?”

“பதிஞ்சிருக்கு. அதான் எங்களுக்குச் சந்தேகமே. பிறப்பைப் பதியாம இறப்பை மட்டும் எப்படிப் பதிஞ்சீங்க?”

இன்று காலை அவரிடமிருந்து ஆணை வந்தது: ‘மேற்படி வலைப்பதிவில் காணப்படும் “பிறந்த” என்னும் சொல், விடுபாடின்றி “இறந்த” எனத் திருத்தப்படல் வேண்டும்.’

நான் பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போன நேரத்தில், என் கணவர் சந்தோஷுக்குப் போன் போட்டுவிட்டார். ஒரே எழுத்து, ஒரே பட்டன். விடுபாடே இல்லை.

‘எங்கள் செல்லம் அன்புமொழி இறந்த இனிய நாள்! கேக் படங்கள் கீழே.’

புதுப்பித்த பதிவு தானாகவே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆகவே, சேகண்டி.

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். கட்டுமாவடியிலிருந்து ஒரு வேன். மாலையோடு பெரியம்மா சொர்ணவல்லி. “என்னைப் பெத்த ஆத்தா...” என்று தொடங்கியவர், என் தோளில் கொட்டாவி விட்ட அன்புமொழியைப் பார்த்து நிறுத்தினார்.

“உசுரோடயா இருக்கா?” குரலில் மகிழ்ச்சி இருந்தது. வேன் பிடித்து வந்த வருத்தமும் இருந்தது.

“இவ பொறந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே பெரியம்மா?”

“பொறந்ததுக்கு மெதுவா வந்துக்கலாம்டி. சாவுக்கு வராட்டி ஊரு பேசும்ல?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியண்ணன் வந்தார். “பதிவுப்படி குழந்தை இல்ல. இருக்குன்னா, இருக்குன்னு ஒரு சான்று வாங்கணும்மா. அதுவரைக்கும் கொஞ்சம் வெளிய காட்டாதீங்க.” என் போனில் சந்தோஷ் துள்ளினார்: “மேடம், வரலாறு காணாத பார்வை! தயவுசெஞ்சு மாத்திராதீங்க!”

இவர் உள்ளேயிருந்து அந்த நாற்காலியைத் தூக்கிவந்து நடுவில் போட்டார்.

“வந்தது வந்துட்டாக. ஒரு குரூப் எடுத்துருவோம். பிள்ளையைக் கொண்டா அமுதா. தூங்கிட்டாளா?”

அதற்குள் உயரமானவர்கள் பின்னாலும் குட்டையானவர்கள் முன்னாலுமாக, அழுத முகத்தைக் கலைக்காமல் எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். பெரியண்ணன் ஓரத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பிள்ளையை அணைத்துக்கொண்டு அறைக்குள் ஓடினேன்.

“அவ வராட்டி போறா. காலி நாற்காலியைப் பாத்து அழுவுங்க, பிள்ளையைப் பெறகு ஒட்டிக்கிறேன்,” என்றது இவர் குரல். கதவிடுக்கில் ஃப்ளாஷ் மின்னியது.

உள்ளே தாழ்ப்பாளைப் போட்டேன். மேல் தாழ்ப்பாளையும்.