நெசத்துக்கு ஒரு அவார்டு

"உள்ள வாங்க மாமா, படம் போடப் போறாங்க!" என்று கந்தவேல் மறுபடியும் கூப்பிட்டான். அவன் கேட்டிருந்த பெண்ணின் அப்பா செங்கோட்டையன் டாக்கீஸ் வாசலில் வெற்றிலையை மென்றபடி அசையாமல் நின்றார்.

"இப்ப நியூஸ் ரீலுதானுங்க ஓட்டுவாங்க. மெயின் படத்துக்குப் போனாப் பத்தாதுங்களா?"

ஊரே அப்படித்தான். அரசாங்கப் படம் ஓடி முடியும்வரை திருப்பூர் முழுக்க டீக்கடையில் இருக்கும். ஆனால் கந்தவேலுக்கு அந்தச் சின்னப் படம்தான் மெயின் படம். பனியன் கம்பெனியில் அவன் மெஷின் ஓட்டுவதைப் போன வருஷம் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு டெல்லியில் அவார்டு கிடைத்துவிட்டது.

அவனுக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலம்பாளையத்து லைன் வீட்டில் ஒற்றை அறை. தானே பொங்கித் தானே தின்கிற பிழைப்பு. பெண் கேட்கப் போன இடத்திலெல்லாம், "உங்க பக்கம் பேசறதுக்கு ஆருங்க?" என்று கேட்டார்கள். ஆளுக்கு எங்கே போவான்? பேச்சு அத்தோடு முடியும். வீடு திரும்பித் தட்டின்முன் உட்கார்ந்தால் சோறு இறங்காது, அழுகைதான் வரும். இந்தத் தடவை தனக்காகப் பேச அவார்டு வாங்கிய படமே வந்துவிட்டது என்று நம்பினான்.

"இது கட்டுக்கதை சினிமா இல்லீங்க மாமா. டாக்குமெண்டரி. நடிப்பு கிடிப்பு ஒண்ணும் கெடையாது, அத்தனையும் நெசம். நெசத்துக்குத்தான் அவார்டே குடுக்கறாங்க!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் இப்படித்தான் இழுத்திருப்பான்.

திரையில் மெஷின் ஓடியது. பக்கத்தில் கந்தவேல் நின்றான். "அட, நீங்கதானுங்க!" என்று செங்கோட்டையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கந்தவேலுக்கு அப்போதே மாலையும் கழுத்துமாக நிற்பதுபோல் இருந்தது.

அடுத்து லைன் வீட்டு வாசல். அவனைச் சுற்றி ஆறு குழந்தைகள். "உழைப்பதோ ஒருவர், உண்பதோ ஏழு பேர்! அளவான குடும்பமே ஆனந்தம்!" என்றது ஒரு கணீர்க் குரல். கடைசியாக ஒரு வாண்டு, "அப்பா!" என்று ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது.

பனியன் படம் என்று அவன் நினைத்திருந்தது குடும்பக் கட்டுப்பாட்டுப் படம்.

செங்கோட்டையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆறுங்களா?"

"ஐயோ, ஒண்ணுகூட இல்லீங்க! அக்கம்பக்கத்துப் புள்ளைங்க. டைரக்டர்தான் நிக்க வெச்சு, அப்பான்னு கூப்பிடச் சொல்லிக் குடுத்திருக்காரு. எல்லாம் நடிப்புங்க!"

"நடிப்பே கெடையாதுன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க? நெசம்னா நீங்க ஆறு புள்ளைக்கு அப்பன். பொய்யின்னா, பொய்யி சொல்லி அவார்டு வாங்குன ஆளு. இதுல எவனுக்குங்க நான் பொண்ணு குடுக்கறது?"

அத்தோடு விட்டிருக்கலாம். கந்தவேல் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மருதம்மாளைச் சாட்சிக்கு வீரபாண்டியில் இருந்த செங்கோட்டையன் வீட்டுக்கு அழைத்துப் போனான். புருஷனை இழந்தவள், அதே கம்பெனியில் தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிர் வெட்டுகிறவள். அந்த வாண்டு அவள் மகள்தான். அதுவும் கூடவே வந்தது.

"அவருக்குக் கலியாணமே ஆகலீங்க," என்று மருதம்மாள் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை கந்தவேலின் மடியில் ஏறித் தூங்கிவிட்டது. செங்கோட்டையன் குழந்தையைப் பார்த்தார். மருதம்மாளைப் பார்த்தார்.

"சம்சாரத்தையே சாட்சிக்குக் கூட்டியாந்துட்டீங்களே!" என்று ஒரு கும்பிடு போட்டுக் கதவைச் சாத்தினார்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கந்தவேல் நடந்தான். இனி எவன் பெண் கொடுப்பான்? போனால் அதே அறை, அதே ஒற்றைத் தட்டு.

"எல்லாம் அந்த டைரக்டரால வந்த வெனை. சும்மா நின்ன புள்ளைய அப்பான்னு கூப்பிடச் சொல்லி, என்ற பொழப்பையே கெடுத்துட்டான்!"

மருதம்மாள் எட்டி, குழந்தையின் தலையை அவன் தோளில் சரியாகச் சாய்த்துவிட்டாள்.

"டைரக்டரு சும்மா ஓடியாரத்தானுங்க சொன்னாரு. அப்பான்னது அவளாக் கூப்பிட்டதுங்க. அந்தப் படத்துல அது ஒண்ணுதானுங்க நெசம்."