கருவாட்டுக்கு அனுமதி உண்டு

நான் சிங்கப்பூர் போயிருக்கிறேன். ஆனால் சிங்கப்பூரைப் பார்த்ததில்லை. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மூளையில் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் கழன்றது மூன்று சீலைப் பார்சல்களின் தையல்.

எழுபதுகளின் கடைசியில் திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல் முகவர் ஒருவரின் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்தேன். வந்து நிற்கும் கப்பல்களின் மாலுமிகளுக்குக் கரையிறங்கும் அனுமதிச் சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. சீட்டு வாங்கியவன் அப்படி என்னதான் செய்கிறான் என்று இரண்டொரு தடவை பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறேன். கோணேசர் கோயிலடிப் பாறையில் ஏறுவான். கடலைப் பார்ப்பான். கோட்டைக்குள் நிற்கும் மானுக்கு வாழைப்பழத் தோல் கொடுப்பான். பிறகு கப்பலுக்குத் திரும்பிவிடுவான். ஒரு காரியமும் இல்லை! கடலிலேயே வந்தவன் மறுபடியும் கடலைப் பார்க்கிறானே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு பொறாமைப்பட்டேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதுவரை காரியமில்லாமல் ஓர் இடத்துக்கும் நான் போனதில்லை. கொழும்புக்குப் போனது நேர்முகப் பரீட்சைக்கு. யாழ்ப்பாணம் போனது செத்தவீட்டுக்கு. ஈச்சிலம்பற்றுக்குப் போனது நெல் மூட்டை ஏற்ற.

அந்த நேரம் பார்த்து, கந்தோருக்கு வந்த கப்பல் அதிகாரி ஒருவர் ஒரு சின்னப் புத்தகத்தை மேசையில் மறந்துவிட்டுப் போனார். சிங்கப்பூருக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கான விதிகள். இலங்கையர் இரண்டு கிழமை சுற்றிப் பார்க்க விசா தேவையில்லை என்று அதில் போட்டிருந்தது. ஒரு நாடே எனக்கு வெற்றிலை வைத்து அழைத்ததுபோல் புளகாங்கிதம் அடைந்தேன். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி எடுத்த காசு கையில் இருந்தது. எல்லாரும் அதில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கச் சொன்னார்கள். நான் டிக்கட் வாங்கினேன்.

விசா இல்லையென்றாலும் சில்லறை விதிகள் இருந்தன. திரும்பி வருவதற்கான டிக்கட், கைச்செலவுக்குப் பணம், அம்மை குத்தியதற்கு மஞ்சள் நிறப் புத்தகம். எல்லாவற்றையும் விடக் கொடுமையான விதி, ஆண்களின் தலைமயிர் காதை மூடக்கூடாது. (அந்த நாட்களில் அங்கே உண்மையாகவே அப்படி ஒரு சட்டம் இருந்தது.) என் தலைமயிர் அப்போது காதை மூடி, கழுத்தை மூடி, சேர்ட் கொலரில் வந்து சுருண்டு நிற்கும். என்னிடமிருந்த ஒரே சொத்து அதுதான். ஒட்ட வெட்டச் சொன்னதும் சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆர் தம்பி செத்தது?" என்று கேட்டார்.

வீட்டில் அம்மாவின் கேள்வி வேறு.

"அங்க ஆரைப் பார்க்கப் போறாய்?"

"ஒருத்தரையும் இல்லையம்மா. சும்மா ஊர் பார்க்கப் போறன்."

"ஊர் பார்க்கவோ? உனக்கு இங்க ஊர் இல்லையோ?"

அத்தோடு குசினிக்குள் போய்விட்டார். விளங்கிக்கொண்டார் என்று நினைத்தேன். (மடையன்.)

அடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பரிமளம் மாமி வேலியடிக்கு வந்தார். அவருடைய தமையன் வேலாயுதம் முப்பது வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார்.

"தம்பி, விசா ஒண்டும் வேண்டாமாம், உண்மையோ?"

"ஓம் மாமி."

"அப்ப அண்ணைக்கு இந்தச் சின்னப் பார்சலைக் கொண்டு போங்கோவன்."

சின்னப் பார்சல் ஒரு கன்றுக்குட்டியின் பருமன் இருந்தது. உள்ளே இறக்கக்கண்டிக் கடற்கரையில் வாங்கிய கருவாடு. வெள்ளைச் சீலையால் சுற்றித் தைத்து, மேலே மையால் முகவரி எழுதியிருந்தார். அம்மாவும் ஒரு பார்சல் தந்தார்: மிளகாய்த்தூளும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும், சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கு. எனக்குச் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா இருக்கிறார் என்பதே அன்றுதான் தெரியும். மூன்றாவதைத் தந்தவர் எங்கள் கந்தோரின் தலைமை லிகிதர், கிண்ணியா ஹனிபா நானா. ஒரு போத்தல் தேன், அதுவும் சீலையில் தைத்து, அங்கே கடை வைத்திருக்கும் தன் மச்சானுக்கு. கூடவே புத்திமதியும் சொன்னார்.

"அங்க ஏர்போட்டில, தெரிஞ்சாக்கள் இரிக்காங்க எண்டு மட்டும் சொல்லிராதீங்க தம்பி. வேலைக்கு வந்த ஆள் எண்டு நினைப்பான். ஊர் பார்க்க வந்த எண்டு சொல்லுங்க."

"அது உண்மைதானே நானா?"

"ஓம் ஓம், உண்மைதான்" என்று சொல்லிக் கண்ணடித்தார். எதற்குக் கண்ணடித்தார் என்று சிங்கப்பூரில் இறங்கிய பிறகுதான் புரிந்தது.

குடிவரவு மேசையில் இருந்தவர் அடர்த்தியான மீசைக்காரர். ஆங்கிலத்தில் கேட்டார். நான் வழியெல்லாம் பாடமாக்கி வந்த பதில்களை ஒப்புவித்தேன். வந்த நோக்கம்? சுற்றுலா. வேலை தேடும் எண்ணம்? இல்லை. தெரிந்தவர்கள்? ஒருவரும் இல்லை. எத்தனை நாள்? எட்டு. திரும்பும் டிக்கட்டைப் பார்த்தார், மஞ்சள் புத்தகத்தைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். (நான் கேட்காமலே இரண்டு பக்கமும் திரும்பிக் காதுகளைக் காட்டினேன்.) திருப்தியோடு முத்திரையைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் சுங்கக்காரர் ஒருவர் என் சூட்கேஸைக் கையை நீட்டிப் பிடித்தபடி கொண்டுவந்தார். ஹனிபா நானாவின் போத்தல் உடைந்து சூட்கேஸ் மூலையால் தேன் வடிந்துகொண்டிருந்தது. திறந்தார்கள். கருவாட்டு நாற்றத்தில் மேசைக்கு மேசை தலைகள் நிமிர்ந்தன. மீசைக்காரர் பார்சல்களின் மேல் எழுதியிருந்த முகவரிகளைப் பார்த்தார். உடனே தமிழுக்கு மாறிவிட்டார்.

"தம்பி, யாரையும் தெரியாதுன்னு சொன்னீங்க. இந்த வேலாயுதம் யாரு?"

"தெரியாது சேர்."

"இந்தக் கடைக்காரர்?"

"தெரியாது சேர்."

"அப்ப இவரு?"

"அது சித்தப்பா சேர். ஆனால் தெரியாது."

கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். தையல்கள் பிரிந்தன. ஒவ்வொரு பார்சலுக்குள்ளும் ஒரு கடிதம் இருந்தது. முதலாவதாகத் தேனில் ஊறிய ஹனிபா நானாவின் கடிதத்தை விரல் நுனியால் தூக்கி வாசித்தார். 'இதைக் கொண்டு வாற தம்பி நல்லா டைப் அடிப்பார். கடையில ஒரு இடம் பார்த்துக் குடுங்க.' இரண்டாவது பரிமளம் மாமியுடையது. 'பிள்ளை வடிவு. தலைமயிரை மட்டும் ஆரோ பழுதாக்கிப் போட்டினம், அது வளரும். உங்கட மூத்தவளுக்குப் பொருத்தமோ எண்டு ஆளை ஒருக்காப் பாருங்கோ. அவருக்கு இது ஒண்டும் தெரியாது.' வாசித்துவிட்டு மீசைக்காரர் என்னை மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்த்தார். வேலாயுதத்தின் சார்பில் பார்த்ததாகவே எனக்குப் பட்டது.

மூன்றாவது அம்மாவின் கடிதம். அவர் எழுதி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பென்சிலால், கோணல்மாணலாக எழுதியிருந்தார்.

'தம்பி, இவன் சும்மா ஊர் பார்க்க வாறன் எண்டு சொல்லுறான். நம்ப வேண்டாம். உண்மையைச் சொல்ல வெட்கப்படுறான். இவ்வளவு காசைச் செலவழிச்சு ஆர் சும்மா பார்க்கப் போவினம்? நீதான் ஒரு வேலையில சேர்த்துவிட வேணும். அவன் திரும்பி வராட்டிலும் காரியமில்லை. எங்கயெண்டாலும் நல்லா இருந்தால் எனக்குக் காணும். முட்டை குடுக்க வேண்டாம், உடம்பு கடிக்கும்.'

மீசைக்காரர் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவர், நடுவழியில் குரலைத் தாழ்த்திவிட்டார். நான் அழுதுவிட்டேன். அம்மா என்னை வாழ்க்கையில் ஒரு நாளும் பாராட்டியதில்லை. நான் இல்லாமல் இருக்கத் துணிந்துவிட்டார் என்பதைக் கருவாடு நாறும் ஒரு மேசையில் வைத்து, அந்நிய அதிகாரி ஒருவர் வாசிக்கக் கேட்டேன்.

"நீங்க சும்மா பார்க்கத்தான் வந்தீங்கன்னு நான் நம்புறேன் தம்பி" என்றார் அவர். "ஆனா திரும்பிப் போவீங்கன்னு டிக்கட் சொல்லுது, வராட்டியும் பரவாயில்லேன்னு உங்கம்மாவே எழுதியிருக்காங்க. நான் எதை நம்புறது?"

அம்மாவுக்கு எதிராக ஒரு டிக்கட்டைச் சாட்சிக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவரும் கல்நெஞ்சக்காரர் அல்லர். வேலாயுதம் வெளியே காத்து நிற்கிறார் என்று அறிந்து (மாமி தந்தி அடித்திருக்கிறார்!) உள்ளே கூப்பிட்டார். யாராவது பொறுப்பு நின்றால் விடலாம் என்பது அவருடைய யோசனை. பளபளக்கும் சப்பாத்தோடு வேலாயுதம் வந்தார். என் ஒட்டக் கத்தரித்த தலையை, அழுது சிவந்த கண்ணை, பார்சல்களைத் தூக்கியதில் முழங்கை வரை அப்பியிருந்த தேனைப் பார்த்தார்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றார். பொய்யென்று சொல்லமாட்டேன். ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பன் வேறென்ன சொல்வார்? போகத் திரும்பியவர் ஒரு கணம் நின்றார்.

"சார், அந்தக் கருவாடு எங்க பேருக்குத்தானே வந்திருக்கு. அதை எடுத்துக்கலாமா?"

சுங்கக்காரரைக் கேட்டார்கள். விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். கருவாட்டுக்குத் தடையில்லையாம். வேலாயுதம் கையெழுத்து வைத்தார். மிளகாய்த்தூளையும் ஒடியலையும் உரியவரிடம் தானே சேர்ப்பதாகவும் பொறுப்பேற்றார். என்னைத் தவிர மற்றெல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பு நின்றார்.

அடுத்த விமானம் மறுநாள்தான். அதுவரை என்னை ஓர் அறையில் இருத்தினார்கள். நான் பார்த்த சிங்கப்பூர் இதுதான்: ஒரு சுவர், ஒரு மணிக்கூடு, ஜன்னலுக்கு வெளியே குழாயால் தண்ணீர் அடித்துச் சீமெந்துத் தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு கிழவர். மிகவும் சுத்தமான நாடு.

ஊருக்கு எப்படி முகம் காட்டுவது என்று ரயிலில் வரும் வழியெல்லாம் குமைந்தேன். வீணாகக் குமைந்திருக்கிறேன். வேலிப் படலையடியில் பரிமளம் மாமி நின்றார்.

"தம்பி, சாமான் பத்திரமாய்ச் சேர்ந்ததெண்டு தந்தி வந்தது."

"என்னைத் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள் மாமி."

"அதுக்கென்ன, கருவாடு கெட்டுப் போகேல்லைத்தானே?"

அம்மா சூட்கேஸை வாங்கி உள்ளே வைத்தார். "மேலைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடு" என்றார். அன்று குசினிக்குள் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மீன் பொரித்தது எனக்குக் கேட்டது. அவருடைய கடிதத்தை நான் கேட்டுவிட்டேன் என்று, அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை. என் மனைவிக்கு மட்டும்தான் சொன்னேன். (இல்லை, அவள் வேலாயுதத்தின் மகள் இல்லை. திருகோணமலை உவர்மலைக்காரி.)

அந்தப் பயணத்தின் விளைவை இன்றும் அனுபவிக்கிறேன். பின்னேரங்களில் துறைமுகக் கரைக்குப் போய்க் கப்பல்களைப் பார்ப்பேன். தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டு, "எங்க இந்தப் பக்கம்?" என்று கேட்டால், "சும்மா பார்க்க" என்று சொல்ல நா எழுவதில்லை. "மீன் வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு வாங்காமல் வரலாமா? கிழமையில் நாலு நாள் எங்கள் வீட்டில் மீன் குழம்புதான்.

போன கிழமையும் ஒரு கோர்வை சூரை மீனோடு வந்தேன். மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளும் மருமக்களும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்:

"நாளைக்காவது கடலைச் சும்மா பார்த்திட்டு வாங்கோவன். நான் ஒருத்தருக்கும் கடிதம் எழுதமாட்டன்."