பத்தில் ஒன்று குறைத்துக் கட்டிய குடில்

மனிதகுலத்தை முன்னேற்றியவை மூன்று என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்: நெருப்பு, சக்கரம், எழுத்து. நான்காவது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதுதான் பத்து சதவீதக் குறைப்பு. நெருப்பை மூட்டியவர் யார், சக்கரத்தை உருட்டியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. குறைப்பை ஒரு கலையாகவே வளர்த்தவரை மட்டும் நமக்குத் தெரியும். சாலையும் பாலமும் போடும் அரசு அலுவலகத்தின் மதிப்பீட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நாற்காலி தேய உழைத்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரைச் சொல்லும் துணிச்சல் அலுவலகத்தில் யாருக்கும் இருந்ததில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் ‘சிவப்பு மை’ என்பார்கள்.

எந்த மதிப்பீடு மேஜைக்கு வந்தாலும் அவர் படிக்கமாட்டார். படித்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பது அவர் கொள்கை. பேனாவைத் திறப்பார், கேட்டதில் பத்தில் ஒன்றை அடிப்பார், பேனாவை மூடுவார். நாளடைவில் கேட்கிறவர்களும் விவரமானார்கள். தேவைக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். அவர் மட்டும் லேசுப்பட்டவரா? அதை மோப்பம் பிடித்து, அடித்ததன் மேலே இன்னொரு முறை பத்தில் ஒன்று அடித்தார். அவர்களும் அதற்குத் தக்கபடி இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். இப்படி இரண்டு பக்கமும் பொய் சொல்லி, இரண்டு பக்கமும் அதைத் தெரிந்துவைத்திருந்ததால், சாலைகள் எல்லாம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தன. இதற்குத்தான் ‘நிர்வாகம்’ என்று பெயர். ஒரே ஒரு பாலம் மட்டும் அக்கரைக்குப் பன்னிரண்டு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. அதைக் கட்டிய பொறியாளர் வேலைக்குப் புதியவர். உள்ளதை உள்ளபடி எழுதித் தொலைத்துவிட்டார்.

அந்த முப்பத்தொரு வருடமும் அவரும் அவர் மனைவியும் குடியிருந்தது, வேறொருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில். இரண்டு அறை. படி சரிந்து இறங்கும் இடத்தில்தான் வாசல். அவர் ஐந்தடி இரண்டு அங்குலம். அந்த வாசலைப் பற்றி அவருக்கு எந்தப் புகாரும் இல்லை. மனைவி ஐந்தடி எட்டு அங்குலம். பால் வாங்க ஒரு முறை, குப்பை கொட்ட ஒரு முறை, யாராவது கூப்பிட்டால் ஒரு முறை என்று நாளெல்லாம் குனிந்து குனிந்து அவளுக்கு முதுகே கேள்விக்குறிபோல ஆகியிருந்தது. அவசரத்தில் குனிய மறந்த நாள்களின் நினைவாக நெற்றியில் ஒரு புடைப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

ஓய்வு பெற்ற அன்று அவர் பிரிவுபசாரக் கூட்டத்தில் எழுந்து, “எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை. கிராமத்துப் பக்கம் ஒரு சின்ன வீடு வெச்சுக்கப் போறேன்” என்று அறிவித்தார். கூட்டம் தரையைப் பார்த்தது. மேலாளர் இருமினார். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, “இனிமே குடில்னு சொல்லுங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஓய்வுத் தொகையில், பேருந்தில் ஒரு மணி நேரம் தள்ளி ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். மிச்சம் இருந்தது ஒரு குடிலுக்குக் காணும். குடிலும் ஒரு தவறும் சேர்ந்தால் காணாது.

“உனக்கு என்னென்ன வேணும், எழுதிக் குடு” என்றார் அவர்.

“எழுதற அளவுக்கு ஒண்ணும் இல்லீங்க. நம்ம வீட்டு வாசல்ல நான் குனியாம நுழையணும். அது ஒண்ணு போதும்.”

“மனு பரிசீலனையில் உள்ளது” என்று அவர் கோப்பில் குறித்துக்கொண்டார். அவள் மனுவே கொடுக்கவில்லை என்பதை அவர் பெரிதுபடுத்தவில்லை.

முதலில் கொத்தனார் வந்தார். வெற்று நிலத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, சிவப்புப் பேனாவைச் சட்டைப்பையில் செருகி, சிவப்பு மை விசாரணையைத் தொடங்கினார்.

“செங்கல் எத்தனை?”

“பத்தாயிரம் சார்.”

“ஒன்பதாயிரம்.”

“சரிங்க சார்.”

உடனே ஒப்புக்கொண்டது சந்தேகத்துக்கு இடமளித்தது. “எட்டாயிரத்து நூறு.”

கொத்தனார் தலையில் கை வைத்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். பிள்ளைகுட்டிக்காரன் என்றார். கடைசியில், இடிந்துபோன குரலில், “உங்க முகத்துக்காக ஒத்துக்கறேன் சார்” என்று எழுந்தார்.

மனைவி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அவர் பின்னாலேயே போனாள். “நெஜமா எத்தனை கல்லு வேணும்?”

“எட்டாயிரம் போதும்மா” என்றார் கொத்தனார். கண்ணில் ஈரத்தின் சுவடே இல்லை. “சாருக்குக் கீழ ரோடு போட்ட ஒப்பந்தக்காரர் எங்க சித்தப்பா மவன். ரெண்டு வெட்டு விழும்னு மொதல்லயே சொல்லிட்டாரு. எட்டுக்குப் பத்துன்னு கேட்டா எந்தப் பிசகும் வராதாம்.”

அவளுக்கு அன்றைக்குத்தான் தூக்கம் நன்றாக வந்தது. குடில் பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்துவிட்டது.

அப்படியே எல்லாம் நடந்தது. கூரைக்காரர் கேட்ட தகட்டில் இரண்டு வெட்டு விழுந்தது. கூரை ஒரு விரற்கடைகூடக் குறையாமல் மூடியது. கிணறு வெட்டுகிறவர் ஐம்பத்தைந்து அடி ஆகும் என்று சூடத்தை அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். சிவப்பு மை அதை நாற்பத்தைந்துக்குக் கொண்டுவந்தார். நாற்பத்து நான்கில் தண்ணீர் வந்தது. “பூமிக்கே என்னைப் பார்த்தா ஒரு பயம்” என்றார் அவர் மனைவியிடம். இரண்டு கழிவறை கேட்டார் கொத்தனார். இரண்டில் பத்தில் ஒன்று போக ஒன்றே முக்காலே சொச்சம். முழுசாக இல்லாத கழிவறை யாருக்குப் பயன்படும் என்று யோசித்து, சொச்சத்தையும் அடித்து ஒன்றாக்கினார். ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஜன்னல்கள்கூட, கொத்தனார் தாராளமாகக் கூட்டிச் சொன்ன புண்ணியத்தில், ஓர் ஆள் ஏறி உள்ளே குதிக்கும் அளவுக்கு அமைந்தன.

மிச்சம் இருந்தது கதவு ஒன்றுதான்.

பக்கத்து ஊர்த் தச்சர் வந்தார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். அவர் பொய் சொல்லமாட்டார். இது ஒரு சிறப்பு என்று நினைத்துவிடக் கூடாது. சுற்று வட்டாரம் அதை ஓர் உடற்குறை என்றுதான் நினைத்தது. மாப்பிள்ளை எப்படி என்று அவரிடம் விசாரிக்கப்போய் மூன்று கல்யாணம் நின்றுபோயிருந்தன. கட்டில் நாலு நாளில் ஆகும் என்பார். நாலாம் நாள் கொண்டுவந்து இறக்கிவிடுவார். வாங்குகிறவர்களுக்கு அது என்னவோபோல இருக்கும். அதனால் அவருக்கு வேலை குறைவு.

அவர் வந்த அன்று மனைவி அங்கே இல்லை. பழைய வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“கதவு எவ்வளவு உயரம்?” என்றார் சிவப்பு மை.

“ஆறரை அடி சார்.”

“ஐந்தடி பத்து அங்குலம்.”

“ஆறரை வேணும் சார்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. ஐந்தடி மூணு அங்குலம்.”

தச்சர் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஏறவும் இறங்கவும் அதிக நேரம் பிடிக்கவில்லை. “தலை இடிக்கும் சார்.”

“பாலம் கட்டினவனும் பத்தாது பத்தாதுன்னுதான் சொன்னான்.”

“பத்துச்சா சார்?”

“அது வேற விஷயம்.”

“அம்மா உங்களைவிட உசரம்னு கொத்தனார் சொன்னாரு. அவங்களுக்கு இடிக்கும்.”

“ஐந்தடி மூணு” என்று சிவப்பு மை எழுதிக் கோடு போட்டார். தச்சர் அளவைக் குறித்துக்கொண்டு கிளம்பினார். ஐந்தடி மூன்று என்றால் ஐந்தடி மூன்றுதான் செய்வார். திருட்டுத்தனமாக நாலு அங்குலம் கூட்டிவைக்க அவருக்குத் தெரியாது. நல்ல மரத்தில், நல்ல இழைப்பில், ஒரு குறையும் இல்லாத குட்டைக் கதவு தயாரானது. நிலைக்கு மேலே காலியாக நின்ற இடத்தை அடைக்க, கொத்தனாரிடம் மிஞ்சியிருந்த நூறு செங்கல் அளவெடுத்ததுபோல் போதுமானதாக இருந்தது. ஒரு சிக்கனம் இன்னொரு சிக்கனத்துக்கு உதவியது என்று சிவப்பு மை பூரித்துப்போனார்.

குடிபுகும் நாள் வந்தது. வண்டியிலிருந்து மனைவி இறங்கினாள். இரண்டு கையிலும் பாத்திர மூட்டை. அவள் கதவைப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருடமாக மனசுக்குள் பார்த்துவைத்திருந்த வாசல் அது. அதைப் பார்த்து நடக்க என்ன இருக்கிறது? முதுகை நேராக்கி, தாடையைத் தூக்கி, சொந்த வீட்டுக்குள் நுழைகிற மிடுக்கோடு நடந்தாள்.

ஒரு சத்தம் கேட்டது. பாத்திரங்கள் படிக்கட்டில் உருண்டன. ஒரு மூடி மட்டும் சாலை வரைக்கும் ஓடி, சுற்றிச் சுற்றி வந்து படுத்தது.

சிவப்பு மை பதறித்தான் போனார். அளவு நாடாவை எடுத்துவந்து கதவை அளந்தார். “கோப்புப்படி சரியாத்தான் இருக்கு” என்றார். அது போதாதென்று, உள்ளே போய் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்க் காட்டினார். “பாரு, எனக்கு இடிக்கவே இல்லையே.”

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். வலிக்காக அழவில்லை. புடைப்பு பழகிய இடத்திலேயேதான் விழுந்திருந்தது. “குனிஞ்சு நுழையறதுக்கு அந்த வீடே போதுமேங்க. இதுக்கா இவ்வளவும்?” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “நான் குனிஞ்சு உள்ள வரமாட்டேன். நீங்க இருந்துக்குங்க.”

சொன்னதைச் செய்தாள். அடுப்பை வாசலிலேயே மூட்டினாள். படுக்கக் கொத்தனார் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டை ஜன்னல் வழியே நீட்டினாள். கொத்தனார் கூட்டிச் சொன்ன ஜன்னலாயிற்றே, தட்டும் டம்ளரும் சேர்ந்தே நுழைந்தன. மூன்றாம் நாள் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்புக்கு மேலே குடை பிடித்தபடி அவள் தச்சருக்கு ஆள் அனுப்பினாள்.

தச்சர் புடைப்பைப் பார்த்ததும் நொந்துபோனார். “என் கையால செஞ்ச கதவும்மா. வேற பண்ணித் தரேன். கூலி வேண்டாம், மரம் மட்டும் குடுங்க.”

“பண்றது இருக்கட்டும். ஏன் ஆறரைன்னு சொன்னீங்க?”

“தேவை ஆறரைதானேம்மா?”

“அவரு ரெண்டு தடவை வெட்டுவாரு. எட்டுன்னு சொல்லியிருந்தா ஆறரையில வந்து நின்னிருக்கும். எங்க, எட்டடின்னு சொல்லுங்க.”

தச்சர் தொண்டையைச் செருமினார். “எட்... ஆறரை.”

“இன்னொரு தடவை.”

“எட்டு...” நெற்றியில் வேர்த்தது. “வேண்டாம்மா. நாக்கு திரும்ப மாட்டேங்குது.”

“கொத்தனார் சொல்லலையா? கூரைக்காரர் சொல்லலையா? கிணத்துக்காரர் சத்தியமே பண்ணினாரே.”

“இது பொய்தானேம்மா?”

“பொய் இல்லை. இதுக்குப் பேரு மதிப்பீடு” என்றாள் அவள். அவளுக்கே அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தூறல் குடையில் விழத் தொடங்கியிருந்தது. “சொல்லுங்க.”

கிணற்றைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். மரத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். அரைமணி நேரத்தில் ‘எட்டடி’ முழுசாக வந்தது. குரல் மட்டும் வேறு யாருடையதோபோல இருந்தது.

கூலி இல்லை என்று கேள்விப்பட்டதும் ‘திருத்திய மதிப்பீட்டை’ ஏற்கச் சிவப்பு மை இசைந்தார். மடக்கு நாற்காலியில் அமர்ந்து பேனாவைத் திறந்தார். “உயரம்?”

தச்சர், பக்கத்தில் நின்ற அவள் நெற்றியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “எட்டடி சார்.”

“ஏழடி ரெண்டு அங்குலம்.”

“சரிங்க சார்.”

“அவ்வளவு சீக்கிரம் சரிங்கறியா? ஆறரை. அதுக்கு மேல ஒரு நூல் கிடையாது.”

தச்சர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொத்தனார் துடைத்ததுபோலத்தான் துடைத்தார். இவர் துண்டு மட்டும் நிஜமாகவே நனைந்திருந்தது.

நூறு செங்கலும் இறங்கின. புதுக் கதவு ஏறியது. மனைவி இரண்டு கையிலும் பாத்திர மூட்டையோடு, அன்றைக்கு நடந்த அதே நடையில் நடந்துவந்தாள். வாசலில் பழக்கதோஷத்தில் கழுத்து ஒரு கணம் குனியப் பார்த்தது. அதை அதட்டி நிமிர்த்தி உள்ளே போனாள். எதுவும் இடிக்கவில்லை. வெளியே வந்து மறுபடி போனாள். அன்று மாலைக்குள் காரணமே இல்லாமல் பத்துப் பன்னிரண்டு முறை போய்வந்தாள். குட்டைக் கதவுக்கு நாலு கால் வைத்து மேஜையாக்கி, அதில் சிவப்பு மை கோப்புகளை அடுக்கிக்கொண்டார்.

“அந்தத் தச்சன் முதல் தடவை என்னை ஏமாத்தத்தான் பார்த்தான்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். “ரெண்டாவது தடவைதான் ஒழுங்கா கணக்கு சொன்னான். நான் வெட்டினது அப்படியே பொருந்திடுச்சு பாருங்க.”

தச்சருக்கு இப்போது கையில் நிற்காத வேலை. கட்டில் எப்போது கிடைக்கும் என்று கேட்டால், “பத்து நாள் ஆகும்” என்கிறார். பதினைந்தாம் நாள் கொடுக்கிறார். நல்ல மனுஷன், இப்போதுதான் நாலு பேரோடு பழகத் தெரிந்திருக்கிறது என்று ஊரே மெச்சுகிறது. அவர் மட்டும் குடில் வழியாகப் போகும்போது, அந்த உயரமான வாசலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

சிவப்பு மையின் தொண்டுக்கு ஈடு இணை கிடையாது. பதவியில் இருந்த முப்பத்தொரு வருடத்தில் அவர் பொய் சொல்லப் பழக்கிவிட்டவர்கள் எத்தனையோ பேர். அதற்கெல்லாம் அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்த ஒரே ஒருவரை மட்டும், ஓய்வு பெற்ற பிறகு, தம் சொந்தச் செலவில் பழக்கிக் கொடுத்திருக்கிறார்.